பினாங்கின் மேலே ஒரு வட்டம்

பினாங்குக்குச் செல்லும் விமானத்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தால், இறங்கும் நேரத்தில் தூங்கிவிடாதீர்கள். தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை வடகிழக்கு - தென்மேற்காக அமைந்தது. காற்று தென்மேற்கிலிருந்து வீசும் நாள்களில் விமானம் நீரிணைக்கு மேலாக வந்து, 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கடந்து தாழும். இடப்பக்கம் இருப்பவர்களுக்கு 2014இல் திறந்த 24 கி.மீ. நீள இரண்டாவது பாலம், நீர்மேல் இழுத்த பென்சில் கோடுபோலத் தெரியும். வலப்பக்கம் பச்சை மலையும் அதன் காலடியில் நெருங்கிக் கிடக்கும் வீடுகளும். எல்லாம் இரண்டு நிமிடம்தான். செல்பேசியை எடுப்பதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிடும்.

‘இதையே ஒரு சின்ன விமானத்தில் நிதானமாக வட்டமடித்துப் பார்த்தால் எப்படியிருக்கும்?’ என்று தோன்றுகிறதா? அதுவும் நம் கையால் கட்டிய விமானமாக இருந்தால்? கதை மாதிரி இருக்கிறது. ஆனால் கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த, இங்கிலாந்தில் வாழும் இயந்திரப் பொறியாளர் ஒருவர் இதைச் செய்தே காட்டினார். செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கொரோனா முடக்கக் காலத்தில் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ என்ற நான்கு இருக்கை விமானத்தை உதிரிபாகங்களாக வாங்கி, சுமார் 18 மாதங்களில் கட்டி முடித்தார். 2022இல் அது பறந்தது. பிறகு குடும்பத்தோடு ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் குடியரசு என்று விடுமுறைக்குப் போய்வந்தார்.

அந்த விமானத்தைப் பினாங்கின் மேலே பறக்கவிட்டுப் பார்ப்போம், கற்பனையில்தான். ஓட்டுநர் இருக்கையில் நீங்கள். ஊர் சுற்றிப் பார்ப்பதுதான் சின்ன விமானத்தின் மிக எளிய வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் விமானியைச் சிக்கவைக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று.

மதராசில் ஒரு ஹோட்டல்காரர்

விமானத்தைச் சொந்தமாகக் கட்டும் ஆசை நமக்குப் புதிதல்ல. 1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்தச் செய்தி மதராசில் ஹோட்டல் நடத்திவந்த கோர்சிகா தீவுக்காரர் ஜியாகொமோ டி ஏஞ்சலிஸை உலுக்கிவிட்டது. அவரே ஒரு விமானத்தை வடிவமைத்தார். குதிரை வண்டிகள் கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் நிறுவனம் அதைச் செய்துகொடுத்தது. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டுப் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் முதலில் பறந்து ஏழு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

பினாங்குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸின் ‘டொராடோ’ என்ற சிறு விமானம் இங்கிருந்து கிளம்பி ஹாங்காங் போய்ச் சேர்ந்தது. ஹாங்காங்கின் பயணிகள் விமானச் சேவை தொடங்கியது அப்படித்தான். அதில் வந்த பயணிகள் எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர். மற்றதெல்லாம் தபால் மூட்டை.

இன்று வீட்டில் கட்டும் விமானங்கள் பெரும்பாலும் ‘கிட்’களாகவே வருகின்றன. வெட்டித் துளையிட்ட அலுமினியத் தகடுகள், பெட்டி பெட்டியாக ரிவெட்டுகள், வரைபடங்கள், என்ஜின். பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் விதி. ஒவ்வொரு கட்டத்தையும் ஆய்வாளர் பார்த்துக் கையொப்பமிடுவார். இந்தியாவில் இந்தப் பாதை கரடுமுரடானது. மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், அதற்குப் பதிவெண் பெற 2017 வரை காத்திருந்தார்.

இத்தனை கெடுபிடி ஏன்? 1934இல் பிரான்ஸின் ஆன்றி மின்யே, ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று பெயர்பெற்ற குட்டி விமானத்தை யாரும் வீட்டில் கட்டலாம் என்று சொல்லி, செய்முறையைப் புத்தகமாகவே வெளியிட்டார். ஐரோப்பா முழுக்க மக்கள் கொட்டகைகளில் கட்ட ஆரம்பித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பலர் ஒரே மாதிரி இறந்தார்கள்: மூக்கு சாய்ந்தது, பிறகு நிமிரவேயில்லை. பிரிட்டனிலும் பிரான்ஸிலும் காற்றுக் குகையில் வைத்துச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. முன் இறக்கையும் அதன் பின்னால் நெருக்கமாக இருந்த இரண்டாவது இறக்கையும் ஒன்றன் காற்றோட்டத்தில் மற்றொன்று குறுக்கிட்டன. மூக்கு ஓர் அளவுக்கு மேல் கவிழ்ந்தால், விமானி எவ்வளவு இழுத்தாலும் அதை மீட்க முடியாது. கட்டியவர்களின் கைவேலையில் குறையில்லை. வரைபடத்தில்தான் குறை. தன் விமானத்தைத் தானே சரிபார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாத குறை அது.

எல்லை தாண்ட ஒரு தாள்

பினாங்குக்கு வருவோம். பறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: அந்த விமானத்துக்கு மலேசிய வான்வெளியில் நுழைய உரிமை உண்டா?

1944இல் உருவான சிகாகோ உடன்படிக்கையின்படி, ஒரு நாடு கொடுத்த பறக்கத் தகுதிச் சான்றிதழை மற்ற நாடுகள் ஏற்கின்றன. இந்தியாவில் பதிவான பயணிகள் விமானம் கோலாலம்பூரில் தடையின்றி இறங்குவது இதனால்தான். ஆனால் இது பன்னாட்டுத் தரத்தை நிறைவு செய்யும் விமானங்களுக்கு மட்டும். வீட்டில் கட்டிய விமானத்துக்குக் கிடைப்பது முழுச் சான்றிதழ் அல்ல, ‘பறக்க அனுமதி’ மட்டுமே. அதைக் கொடுத்த நாட்டுக்கு வெளியே அது தானாகச் செல்லாது. ஐரோப்பிய நாடுகள் 1980இல், ஒருவர் அனுமதித்த வீட்டு விமானத்தை மற்றவரும் ஏற்கலாம் என்று தமக்குள் ஒரு பரிந்துரை செய்துகொண்டன. ஆலப்புழைக்காரரின் விடுமுறையை எளிதாக்கியது அந்த ஏற்பாடு. நம் பக்கத்தில் நாடு நாடாகத் தனி அனுமதி கேட்க வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் பினாங்கு வானம் காலி மைதானம் அல்ல. தீவில் ஒரு பன்னாட்டு விமான நிலையம். நீரிணைக்கு அக்கரையில், நேர்கோட்டில் 25 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில், பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். நீங்கள் எந்த உயரத்தில் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்பதை வானொலியில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

சரி, கிளம்பலாம். காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள். பிற்பகலில் வெயிலேறி, மலைமேல் மேகம் திரண்டு, இடி இறங்கும் ஊர் இது. வெப்பத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. 32 டிகிரி வெயிலில் காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. கடல் மட்டத்தில் இருக்கும் ஓடுபாதையில் நின்றாலும், உங்கள் இறக்கைக்கு அது சுமார் 600 மீட்டர் உயரத்துக் காற்று. ஈரப்பதத்தையும் சேர்த்தால் இன்னும் மோசம். இறக்கை, புரொப்பல்லர் இரண்டுக்கும் பிடிமானம் குறையும். குடும்பமும் பெட்டிகளும் ஏறிய விமானம் எழும்ப அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும்.

எவ்வளவு உயரத்தில் பறப்பது? நெருக்கமான ஊருக்கு மேல் பறந்தால், 600 மீட்டர் சுற்றளவில் உள்ள மிக உயரமான பொருளுக்கும் மேலே குறைந்தது 300 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரம் கிட்டத்தட்ட 250 மீட்டர். ஆகவே 550 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. 600 என்று வைத்துக்கொள்வோம்.

600 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் எவ்வளவு தூரம்? உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்குங்கள்: சுமார் 87 கி.மீ. வடக்கே சுமார் 40 கி.மீ. தள்ளி, கெடா கரையில் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, புகைமூட்டம் இல்லாத நாளில் தெளிவாகத் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் எச்சங்கள் உள்ளன. ராஜேந்திர சோழனின் கல்வெட்டு சொல்லும் கடாரம் இந்தப் பகுதிதான். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், அந்த உச்சி கடல்மட்டத்தில் நிற்கும் கண்ணுக்கே 120 கி.மீ.க்கு அப்பாலிருந்து தலைகாட்டும். வங்கக் கடலைத் தாண்டிவந்த மாலுமிகளுக்கு ஜெராய்தான் கலங்கரை விளக்கம்.

கீழே பாருங்கள். கார்ன்வாலிஸ் கோட்டையின் நட்சத்திர வடிவம் தரையில் நிற்பவருக்குப் புரியாது. மேலிருந்து பார்த்தால் சட்டென்று பிடிபடும். நீர்மேல் கால் ஊன்றி நிற்கும் சீனக் குடும்பங்களின் மரவீடுகள், லிட்டில் இந்தியாவின் கூரைகள், தண்ணீர்மலை முருகன் கோயில். மேற்கே மலையைத் தாண்டினால் பாலிக் புலாவின் வயல்களும் டுரியான் தோட்டங்களும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சாய்ந்தால் கூடும் எடை

ஸ்லிங் டிஎஸ்ஐ போன்ற விமானங்களில் இறக்கை உங்கள் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. நேராகப் பறக்கும்போது நேர் கீழே உள்ளதை அது மறைத்துவிடும். தண்ணீர்மலைக் கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பக்கமாக விமானத்தைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் திரும்பும். நன்றாகத் தெரிய வேண்டுமானால் இன்னும் சாய்க்க வேண்டும்.

சின்ன வயதில் பேருந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நடத்துநரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். அப்போதே இறக்கையின் பாடத்தைப் படித்துவிட்டீர்கள். உள்ளங்கையின் முன்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் கை மேலே எழும்பும். ரொம்ப உயர்த்தினால் எழும்பாது, பின்னால்தான் தள்ளப்படும். இறக்கையும் அப்படித்தான். எதிர்க்காற்றுக்கு அது காட்டும் கோணம் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்குவிசை சரிந்துவிடும். இதை விமானிகள் ‘ஸ்டால்’ என்கிறார்கள். கார் நின்றுபோவதைச் சொல்லும் அதே சொல் என்பதால் என்ஜின் அணைந்ததென்று பலர் நினைக்கிறார்கள். என்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நின்றுபோவது இறக்கையின் வேலை.

நேராகப் பறக்கும்போது தூக்குவிசை முழுவதும் மேல்நோக்கி நின்று எடையைத் தாங்குகிறது. விமானம் சாய்ந்தால் அந்த விசையும் சாய்கிறது. அதில் ஒரு பங்கு விமானத்தைத் திருப்பப் போய்விடுவதால், உயரம் குறையாமல் இருக்க மொத்த விசையைக் கூட்ட வேண்டும். 950 கிலோ எடையுள்ள விமானம் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கை சுமப்பது சுமார் 1,100 கிலோ. 45 டிகிரியில் 1,340 கிலோ. 60 டிகிரியில் 1,900 கிலோ, அதாவது இரு மடங்கு. யாரும் புதிதாக ஏறவில்லை, ஆனாலும் விமானம் கனத்துவிட்டது. இருக்கையில் அழுந்துவதாக நீங்களே உணர்வீர்கள்.

எடை கூடினால், விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமும் கூடும். நேராகப் பறக்கும்போது அந்த வேகம் மணிக்கு 90 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் அது 97 ஆகிறது. பரவாயில்லை. 45இல் 107. 60இல் 127. முதல் 30 டிகிரிக்கு 7 கி.மீ.தான் கூடியது, கடைசி 15 டிகிரிக்கு 20 கி.மீ. கூடிவிட்டது. இந்தப் பாய்ச்சலைத்தான் ஓட்டுபவரின் உடல் எதிர்பார்ப்பதில்லை.

இதோடு காற்றைச் சேருங்கள். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில், கோயிலைச் சுற்றி 250 மீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கிறீர்கள். கடற்காற்று மணிக்கு 30 கி.மீ. வட்டத்தின் ஒரு பக்கத்தில் காற்று உங்களைத் தள்ளும், தரையைப் பொறுத்து உங்கள் வேகம் 160. எதிர்ப்பக்கத்தில் 100 மட்டுமே. தரையில் அதே வட்டத்தை வரைய, எதிர்க்காற்றில் 17 டிகிரி சாய்வு போதும், பின்காற்றில் 39 டிகிரி வேண்டும். கோயிலில் கண்வைத்திருப்பவருக்கு இது தெரியாது. அவர் உணர்வது ஒன்றுதான்: விமானம் கோயிலை விட்டு விலகிப் போகிறது. உடனே இன்னும் இழுத்துத் திருப்புவார். தரை வேகமாக ஓடுவதால், ‘கடுகிப் போகிறோம்’ என்று என்ஜின் சக்தியையும் குறைப்பார். காற்றைப் பொறுத்த வேகம் 130இலிருந்து 110க்கு இறங்குகிறது. சாய்வு 50 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சாய்வுக்குத் தேவையான வேகம் 112.

அவ்வளவுதான். ஓர் இறக்கை முதலில் விசையிழந்து கீழே விழும். விமானம் முறுக்கிக்கொண்டு சரியும். திரும்புவதை விரைவுபடுத்தக் காலால் சுக்கானை மிதித்திருந்தால் இன்னும் மோசமாகச் சுழலும். பயிற்சி பெற்றவர் மீட்டுவிடலாம். முதல் வேலை, இழுத்த கையைத் தளர்த்துவது. ஆனால் மீள உயரம் வேண்டும். ‘கொஞ்சம் கீழே போனால் நன்றாகத் தெரியுமே’ என்று 150 மீட்டருக்கு இறங்கியவரிடம் அது இருக்காது. அலாஸ்காவில் காட்டு மூஸ் மானைப் பார்க்க வட்டமடித்து இப்படி விழுந்தவர்கள் ஏராளம். அங்குள்ள விமானிகள் இந்தத் திருப்பத்துக்கு அந்த மானின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

மலை ஏறும் ரயில், ஏறாத விமானம்

பினாங்கில் இன்னோர் ஆசை காத்திருக்கிறது: ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி புத்தர் கோயில். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் மண்டபங்கள், 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை. கடல் பக்கமிருந்து வந்தால் கோயிலைப் பார்த்துக்கொண்டே மலையை நோக்கிப் பறப்பீர்கள்.

அங்கிருந்து 1923 முதல் ஓடும் இழுவை ரயில் சுமார் 2 கி.மீ. பாதையில் ஏறத்தாழ 690 மீட்டர் ஏறிவிடும். நம் விமானம்? சுமையேறிய நிலையில் நிமிடத்துக்கு 200 மீட்டர் ஏறுகிறது என்போம். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்தில் அது 2.2 கி.மீ. முன்னே போய்விடும். 2 கி.மீ.க்கு 180 மீட்டர்தான் ஏற்றம். ரயில் ஏறும் மலையை விமானத்தால் ஏற முடியாது! மேற்குக் கடற்காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் கீழிறங்கும் நாளில் அந்த 180 மீட்டரும் கிடைக்காது. திரும்பத்தான் வேண்டும், இடமோ குறுகல். மறுபடியும் அதே செங்குத்துச் சாய்வு.

வழி இல்லாமல் இல்லை. மலைக்கு இணையாக, விலகியே பறக்க வேண்டும். கோயில் பக்கவாட்டில் தெரியும்படி ஒரு கி.மீ. தள்ளியிருந்தால் அதிகச் சாய்வே தேவைப்படாது, பின்காற்றிலும் சுமார் 11 டிகிரிதான். ஒரே சுற்றில் பார்க்க முடியாததை அடுத்த சுற்றில் பார்க்கலாம். முக்கியமாக, ஓட்டுபவர் வேடிக்கை பார்க்கக் கூடாது. அருகில் உட்கார்ந்தவர் பார்த்துச் சொல்லட்டும். சொந்தமாக விமானம் கட்டி, ஊர் சுற்றிக் காட்டக் குடும்பத்தை அழைத்துவந்தவருக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

நீரிணைக்கு மேலே என்ஜின் நின்றால்? இது வெறும் பயமல்ல. அமெரிக்காவில் 2011இல் வீட்டு விமானங்கள் சிறு விமானக் கூட்டத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு. உயிர்ப்பலி விபத்துகளில் அவற்றின் பங்கு 21 விழுக்காடு. அந்நாட்டு விபத்து விசாரணை வாரியம் மறு ஆண்டு வெளியிட்ட ஆய்வில் முன்னால் நின்ற காரணங்கள் இரண்டு: என்ஜின் கோளாறு, கட்டுப்பாட்டை இழத்தல். என்ஜின் நின்ற விமானம் கல்லாக விழாது, வழுக்கிக்கொண்டு போகும். ஒரு மீட்டர் இறங்க 10 மீட்டர் முன்னேறும் என்றால், 600 மீட்டரிலிருந்து 6 கி.மீ. ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே நீர் சுமார் 3 கி.மீ.தான், கரை எட்டும். 200 மீட்டரில் பறந்தால் 2 கி.மீ. கணக்குப்படி அப்போதும் எட்டும். ஆனால் அந்தக் கரையில் கிடப்பது துறைமுகமும் வீடுகளும் சேறும். இறங்க இடம் தேட நேரம் வேண்டும், அந்த நேரத்தைத் தருவது உயரம்.

இத்தனையும் கற்பனை விமானத்தில். நிஜ விமானத்தில் நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பினாங்கில் இறங்கும் முன் பயணிகள் விமானமும் சாய்ந்து திரும்பும், பெரும்பாலும் 25 டிகிரி போல. செல்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, முடுக்கத்தை அளக்கும் செயலியைத் திறந்து மடியில் வையுங்கள். நேராகப் பறக்கும்போது 9.8 காட்டும். திரும்பும்போது எண் மெல்ல ஏறி 10.8ஐத் தொடும். அருகே தண்ணீர்க் குவளை இருந்தால் அதையும் கவனியுங்கள். ஜன்னலில் அடிவானம் சரிந்து கிடக்கும், குவளையில் தண்ணீரோ தட்டையாகவே இருக்கும். கண்ணும் உடலும் ஆளுக்கொன்று சொல்லும் அந்த நேரத்தில், செல்பேசி காட்டிய எண்ணை ஜன்னலில் தெரிந்த சாய்வோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 9.8ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது சாய்வுக் கோணத்தின் கொசைன்.